மீட்கப்பட்ட மேய்ப்பு நாய்களுக்குப் புதிய இல்லம் தேடுதல்

மீட்கப்பட்ட மேய்ப்பு நாய்களுக்குப் புதிய இல்லம் தேடுதல் என்பது, உரிமையாளரால் கைவிடப்பட்ட, காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்ட அல்லது தெருவிலிருந்து மீட்கப்பட்ட மேய்ப்பு இன நாய்களின் இயல்பை ஆராய்ந்து, அவ்வியல்புக்குப் பொருந்தும் குடும்பத்திடமோ பணியிடத்திலோ அவற்றை நிலையாக ஒப்படைக்கும் செயற்பாடு ஆகும். ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வதற்கென்றே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை இந்நாய்கள். விரைவு, கூர்ந்த கவனம், சலியாத உழைப்பு ஆகிய பண்புகள் பண்ணையில் பெரிதும் மதிக்கப்படுகின்றன. வேலையற்ற வீட்டில் இதே பண்புகள் குறைகளாகக் கருதப்பட்டு, பல நாய்கள் வீடிழப்பதற்குக் காரணமாகின்றன. எனவே இவற்றுக்கு ஏதேனும் ஓர் இல்லம் கிடைத்தால் போதாது. பொருத்தமான இல்லம் கிடைக்க வேண்டும் என்பதே இச்செயற்பாட்டின் அடிப்படையாகும்.

இக்கட்டுரை பார்டர் கோலி இனத்தையும், அவ்வினம் தோன்றிய பிரித்தானியாவின் நடைமுறைகளையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

மேய்ப்பு நாய்களும் காவல் நாய்களும்

மந்தைகளுடன் பணியாற்றும் நாய்கள் இரு பெரும் பிரிவுகளுக்குள் அடங்கும். முதற்பிரிவைச் சேர்ந்தவை மந்தையுடனேயே வாழ்ந்து, ஓநாய் போன்ற விலங்குகளிடமிருந்தும் திருடர்களிடமிருந்தும் அதனைக் காப்பவை. துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரெம்மா ஆகியன இவ்வகையின. தமிழ்நாட்டில் கிடை போடும் ஆட்டிடையர்கள் துணைக்கு வைத்திருக்கும் நாய்களும் பெரும்பாலும் காவற்பணியையே செய்கின்றன.

இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை மேய்ப்பரின் சொற்படி மந்தையை ஓட்டவும், திருப்பவும், பிரிக்கவும், பட்டியில் அடைக்கவும் பயன்படுபவை. இக்கட்டுரையில் மேய்ப்பு நாய் எனக் குறிப்பிடப்படுவது இப்பிரிவே ஆகும். இவற்றுள்ளும் வேலை செய்யும் முறை இனத்துக்கு இனம் வேறுபடுகின்றது.

* பார்டர் கோலி: மந்தையை வளைத்து மறுபுறம் சென்று, பதுங்கிய நிலையில் ஆடுகளை உற்றுநோக்கியவாறு அவற்றை மேய்ப்பரிடம் கொண்டு வருவது.
* ஆஸ்திரேலியக் கெல்பி: பரந்த மேய்ச்சல் நிலங்களிலும், நெருக்கமான பட்டிகளில் ஆடுகளின் முதுகின் மேலேறி ஓடியும் பணிபுரிவது.
* ஆஸ்திரேலிய மாட்டு நாய், வெல்சு கோர்கி: மாடுகளின் குதிகாலைக் கவ்வி முன்னே செலுத்துபவை.
* ஜெர்மன் மேய்ப்பு நாய்: வேலியில்லாத நிலத்தில் மந்தையின் ஓரமாக ஓடி, ஆடுகள் பயிருக்குள் இறங்காமல் தடுக்கும் மரபில் தோன்றியது.

இவ்வேறுபாடுகள் வீட்டுக்குள்ளும் வெளிப்படும். குதிகாலைக் கவ்வும் மரபுடைய நாய், ஓடும் குழந்தையின் காலைக் கவ்வ முற்படலாம். உற்றுநோக்கும் மரபுடைய நாய், சாலையில் செல்லும் வண்டியை நோக்கிப் பதுங்கலாம். இரண்டும் ஒரே தொல்லையாகத் தோன்றினும், அவற்றைக் கையாளும் முறையும் ஏற்ற இல்லமும் வெவ்வேறாகும்.

வரலாறு

பார்டர் கோலி இனம் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் உருவானது. பிரித்தானியாவில் பதிவு செய்யப்பட்ட முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி 1873 ஆம் ஆண்டு வேல்சில் உள்ள பாலா என்னும் ஊரில் நடைபெற்றது. 1893 ஆம் ஆண்டு நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்பர் என்பவரிடம் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்னும் ஆண் நாய், இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதையாகக் கருதப்படுகின்றது. பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் 1906 இல் தொடங்கப்பட்டது.

நீண்ட காலமாக இந்நாய்கள் தோற்றத்துக்காக அன்றி, வேலைத்திறனுக்காக மட்டுமே இனப்பெருக்கம் செய்யப்பட்டன. பிரித்தானியாவின் கென்னல் கிளப் 1976 ஆம் ஆண்டிலும், அமெரிக்கக் கென்னல் கிளப் 1995 ஆம் ஆண்டிலுமே பார்டர் கோலியைத் தனி இனமாக முழுமையாக ஏற்றுக்கொண்டன. அதே 1995 இல் வெளிவந்த 'பேப்' என்னும் திரைப்படத்திலும் இந்நாய்கள் இடம்பெற்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களின் பெயர்களை நாயால் அறிய முடியும் என்று காட்டிய 'சேசர்' என்னும் பெண் நாயும் பார்டர் கோலியே ஆகும். அந்நாய் 1022 பொருட்களின் பெயர்களைக் கற்றிருந்ததாக 2011 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது.

இத்தகைய செய்திகளைக் கேட்டு, அறிவுள்ள நாய் எளிதில் வளர்க்கத்தக்க நாய் என்று கருதி இவ்வினத்தைத் தேர்வோர் உண்டு. விரைவில் கற்கும் நாய் விரும்பத்தகாத பழக்கங்களையும் விரைவில் கற்கும் என்பதைப் பின்னரே அவர்கள் உணர்கின்றனர்.

இயல்புகள்

விலங்கு நடத்தை ஆய்வாளர்களான ரேமண்ட் கொப்பிஞ்சர், லோர்னா கொப்பிஞ்சர் ஆகியோர் மேய்ப்பை வேட்டையின் மாற்றப்பட்ட வடிவமாக விளக்கினர். ஓநாயின் வேட்டை, இரையைக் காணுதல், உற்றுநோக்குதல், பதுங்கிச் செல்லுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என ஒரு தொடராக அமைகின்றது. பார்டர் கோலியில் உற்றுநோக்குதல், பதுங்குதல், துரத்துதல் ஆகிய படிகள் மிகைப்படுத்தப்பட்டு, கடிக்கும் படிகள் தெரிவு வளர்ப்பின் மூலம் ஒடுக்கப்பட்டுள்ளன. ஆகவே மேய்த்தல் இந்நாய்க்கு உரிமையாளர் புகட்டிய பாடம் அன்று. அது பிறப்பிலேயே உள்ள உந்துதல். பயிற்சி அவ்வுந்துதலுக்குத் திசையும் கட்டுப்பாடும் தருகின்றது.

2022 ஆம் ஆண்டு வெளியான இரு மரபணு ஆய்வுகள் இதனை இரு கோணங்களில் அணுகின. நான்காயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, மேய்ப்பு நாய்களின் மரபுவழி, மூளை நரம்பிழைகள் தம் பாதையைக் கண்டு வளர்வதை வழிநடத்தும் மரபணுக்களுடன் தொடர்புடையது என்று காட்டியது. மற்றோர் ஆய்வு, தனி நாய்களுக்கிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க இயலும் எனக் கண்டது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஓர் இனத்துக்கென்று பொதுவான சாய்வு உண்டு. ஆயினும் எந்தவொரு தனி நாயும் அச்சாய்விலிருந்து வெகுவாக விலகியிருக்கலாம். காப்பகப் பணியில் இதன் பொருள் தெளிவானது. எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இனம் உணர்த்துகின்றது. விடையை அந்த நாயிடமிருந்தே அறிய வேண்டும்.

காப்பகத்துக்கு வரும் காரணங்கள்

மேய்ப்பு நாய்கள் பெரும்பாலும் இரு வழிகளில் காப்பகத்தை அடைகின்றன. ஒன்று பண்ணை, மற்றொன்று வீடு.

பண்ணையிலிருந்து வருபவை: ஆடுகளைக் கண்டு அஞ்சுபவை, மேய்ப்பில் ஆர்வம் காட்டாதவை, ஆடுகளைக் கடிப்பவை, முதுமையாலோ காயத்தாலோ ஓட இயலாதவை ஆகியன இவற்றுள் அடங்கும். மேய்ப்பரின் ஓய்வு அல்லது மறைவு காரணமாகவும் நாய்கள் வருவதுண்டு. வேல்சின் டோல்கெத்லி என்னும் ஊரில் 2021 பெப்ரவரியில் நடந்த ஏலத்தில் 'கிம்' என்னும் இளம் மேய்ப்பு நாய் 27,100 பவுண்டுகளுக்கு விற்கப்பட்டு, அக்காலத்தில் உலகச் சாதனையாகப் பேசப்பட்டது. வேலையில் சிறந்த நாய்க்கு இவ்வளவு விலை இருக்க, அதே மரபில் பிறந்து வேலைக்கு உதவாத நாய் விலையின்றியே கைமாறுகின்றது.

வீட்டிலிருந்து வருபவை: குழந்தைகளையும் மிதிவண்டிகளையும் துரத்துதல், இடைவிடாது குரைத்தல், பொருட்களைச் சிதைத்தல், வேலி தாண்டுதல் ஆகியவை பரவலாகக் கூறப்படும் காரணங்கள். மணவிலக்கு, வீடு மாறுதல், நோய், வேலைநேர மாற்றம் போன்ற குடும்பக் காரணங்களும் உண்டு. நாயின் விடலைப் பருவமும் ஒரு காரணமாகும். வழிகாட்டி நாய்களாகப் பயிற்றப்படும் இனங்களில் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து மாத வயதில் இருந்ததைவிட எட்டு மாத வயதில் நாய்கள் தம்மை வளர்ப்பவரின் கட்டளைக்குக் குறைவாகக் கீழ்ப்படிந்தன எனக் கண்டது. இது கடந்துபோகும் பருவமே. எனினும் இதனை நிலையான குறையெனக் கருதிப் பலர் நாயைக் கைவிடுகின்றனர்.

மதிப்பீடு

காப்பகத்துக்கு வந்த முதல் நாட்களில் நாயின் உண்மையான குணம் வெளிப்படுவதில்லை. அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நாட்களில் நாய்களின் குருதியில் கார்ட்டிசோல் என்னும் மனஅழுத்த இயக்குநீர் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. அச்சத்தால் ஒடுங்கிக் கிடக்கும் நாயைச் சாதுவான நாய் என்றும், அச்சத்தால் குரைக்கும் நாயை மூர்க்கமான நாய் என்றும் தவறாக முடிவு செய்ய இடமுண்டு. எனவே மதிப்பீடு பல நாட்களில், பல சூழல்களில், ஒருவருக்கு மேற்பட்டோரால் செய்யப்பட வேண்டும்.

மேய்ப்பு நாய்களில் சிறப்பாகக் கவனிக்கப்படுபவை பின்வருவன:

* அசையும் பொருட்களைக் கண்டு நாய் என்ன செய்கின்றது? வண்டி, மிதிவண்டி, ஓடுபவர், பந்து ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.
* உற்றுநோக்கத் தொடங்கிய பின் அழைத்தால் அதன் கவனம் திரும்புகின்றதா? எவ்வளவு தொலைவில் திரும்புகின்றது?
* கிளர்ச்சியடைந்த பின் அமைதி பெற எவ்வளவு நேரம் ஆகின்றது?
* இடி, வெடி போன்ற பேரொலிகளுக்கு அஞ்சுகின்றதா?
* பிற நாய்கள், பூனைகள், ஆடுகள் ஆகியவற்றிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றது?
* உடலைத் தொடுதல், கழுத்துப்பட்டையைப் பிடித்தல், உணவுக்கலத்தை எடுத்தல் ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்கின்றதா?
* நிழல், ஒளிப்புள்ளி ஆகியவற்றை விடாது துரத்தும் பழக்கம் உள்ளதா?

இவற்றுள் மூன்றாவது கேள்விக்கான விடை தனிக் கவனத்துக்குரியது. எவ்வளவு வேகமாக ஓடுகின்றது என்பதைவிட, எவ்வளவு விரைவில் அடங்குகின்றது என்பதே ஒரு நாய் வீட்டில் வாழும் தன்மையைக் கூடுதலாக உணர்த்தும்.

பண்ணையில் வளர்ந்த நாய் வீட்டுக்குள் ஒருநாளும் நுழையாததாக இருக்கலாம். மாடிப்படி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், வழுக்கும் தரை யாவும் அதற்குப் புதியவை. 'உட்கார்' என்னும் சொல்லை அறியாத அந்நாய், வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் மந்தையைச் சுற்றி வருவதற்கான சீழ்க்கை ஒலிகளை நன்கு அறிந்திருக்கலாம். இதனைப் பயிற்சியற்ற நாய் எனக் குறித்தல் பிழையாகும்.

இடைக்காலப் பராமரிப்பு இல்லம்

நிலையான இல்லம் கிடைக்கும்வரை தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் நாயை வைத்திருத்தல் இடைக்காலப் பராமரிப்பு எனப்படும். வீட்டில் நாய் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை வீட்டில் வைத்துப் பார்த்தே முழுமையாக அறிய முடியும் என்பதால், பல மேய்ப்பு நாய் மீட்பு அமைப்புகள் இம்முறையைக் கையாள்கின்றன. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்கள் ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்க வைக்கப்பட்டன. வீட்டில் இருந்தபோது அவற்றின் சிறுநீரில் கார்ட்டிசோல் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவை எட்டியது.

இடைக்காலப் பராமரிப்பாளர் எழுதிவைக்கும் அன்றாடக் குறிப்புகள் நாயைத் தத்தெடுப்போருக்குப் பெரிதும் பயன்படுகின்றன. நாய் எந்நேரத்தில் கலக்கமடைகின்றது, எதைக் கண்டு பதுங்குகின்றது, எவ்வளவு நேரம் தனித்திருக்கும் என்பன போன்ற சிறு செய்திகள் இதில் அடங்கும்.

இல்லத்தைப் பொருத்துதல்

மீட்பு அமைப்புகள் பொதுவாக முதலில் விண்ணப்பம் பெற்று, பின் தொலைபேசியில் உரையாடி, வீட்டை நேரில் பார்த்து, நாயையும் குடும்பத்தினர் அனைவரையும் ஒருமுறைக்கு மேற்பட்டுச் சந்திக்க வைக்கின்றன. வீட்டில் ஏற்கனவே நாய் இருப்பின், இரு நாய்களையும் இருவருக்கும் புதியதான பொது இடத்தில் அறிமுகம் செய்கின்றனர். வீட்டைப் பார்ப்பதன் நோக்கம் அதன் செல்வநிலையை அளப்பது அன்று. வேலியின் உயரம், சாலையின் அருகாமை, அண்டையில் ஆடுகள் உள்ளனவா, பகலில் வீட்டில் எவர் இருப்பார் என்பவற்றை அறிவதே ஆகும்.

நாய்க்கு ஏற்ப இல்லங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

பணி இல்லம்: மேய்ப்புத் திறன் கொண்ட நாயைப் பண்ணைக்கே அனுப்புதல். ஒரு மேய்ப்பரிடம் தோற்ற நாய் மற்றொரு மேய்ப்பரிடம் வெற்றி பெறுவது உண்டு. மலைச்சரிவில் பெருமந்தையை ஓட்ட அஞ்சிய நாய், சிறு பண்ணையில் சில ஆடுகளை நன்கு மேய்க்கலாம்.

விளையாட்டு இல்லம்: தடை தாண்டும் ஓட்டம், மோப்பப் பயிற்சி, கீழ்ப்படிதல் போட்டி ஆகியவற்றில் ஈடுபடுவோரின் இல்லம். மிகு உந்துதல் உடைய இளநாய்களுக்கு இது ஏற்றது. எளிதில் கிளர்ச்சியடைந்து அடங்காத நாய்க்கு விரைவு விளையாட்டுகள் கேடாகலாம். அதற்கு மோப்பப் பயிற்சியே நன்று.

அமைதி இல்லம்: அச்சமிகு நாய், முதிய நாய், மேய்ப்பில் ஆர்வமற்ற நாய் ஆகியவற்றுக்கு ஏற்றது. போக்குவரத்துக் குறைந்த பகுதியில், சிறு குழந்தைகள் இல்லாத, அன்றாட ஒழுங்கு மாறாத வீடாக இருத்தல் நலம். ஓய்வு பெற்ற இணையரின் வீடு இளநாய்க்குப் பொருந்தாமல் போகலாம். எட்டு வயது நாய்க்கு அதைவிடச் சிறந்த இடம் அமைவது அரிது.

சிறப்புப் பணி: வீட்டில் வைக்க இயலாத அளவுக்கு உந்துதல் கொண்ட நாய்களுள் சில, தேடுதல் பணிக்கு மிகப் பொருத்தமானவை. 1996 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட தேசியப் பேரிடர்த் தேடல் நாய் அறக்கட்டளை, காப்பகங்களிலிருந்து நாய்களைத் தெரிந்தெடுத்து, இடிபாடுகளில் சிக்கியோரைத் தேடப் பயிற்றுவிக்கின்றது. ஆஸ்திரேலிய மேய்ப்பு இனமான 'கூலி'யைச் சேர்ந்த 'பேர்' என்னும் நாய், அடங்காத துடிப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. சன்சைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் அதற்குப் பயிற்சி அளித்தது. 2019–20 காட்டுத்தீக்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட கோலாக்களைக் கண்டறிய அந்நாய் உதவியது. வீட்டில் குறையாக இருந்த அதே பண்பே களத்தில் தகுதியாயிற்று.

பரவலான தவறான கருத்துகள்

"பெரிய தோட்டம் இருந்தால் போதும்." தனியே விடப்பட்ட மேய்ப்பு நாய் தோட்டத்தின் வேலியோரம் முன்னும் பின்னுமாக ஓடி, சாலையில் செல்வனவற்றைத் துரத்தும் பழக்கத்தையே வளர்த்துக்கொள்ளும். நாளும் நடைக்கு அழைத்துச் சென்று பயிற்சியளிக்கும் ஒருவரின் சிறு வீடு, கவனிப்பாரற்ற பெருந்தோட்டத்தைவிட மேலானது.

"களைக்கும்வரை ஓடவிட வேண்டும்." மணிக்கணக்கில் பந்தெறிவதால் நாயின் உடல்வலு கூடுமேயன்றி மனம் அமைதியடையாது. நடை, சிந்திக்க வைக்கும் பயிற்சி, ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே அன்றாட ஒழுங்கு அமைய வேண்டும். ஓய்வெடுக்கக் கற்பித்தலும் பயிற்சியே ஆகும்.

"ஆடுகள் இல்லாமல் இது வாழாது." பெரும்பாலான பார்டர் கோலிகள் ஆடுகளைக் காணாமலே நிறைவாக வாழ இயலும். அவற்றுக்கு வேண்டியது மனிதருடன் சேர்ந்து செய்யும் ஏதேனும் ஒரு வேலையாகும்.

"குழந்தைகளை மேய்ப்பது வேடிக்கையானது." ஓடும் குழந்தையைச் சுற்றி வளைக்கும் நாய், அக்குழந்தை நிற்காதபோது கவ்வக்கூடும். இது காணொளியில் வேடிக்கையாகத் தோன்றினும், கடிக்கு முந்திய படியாக அமையலாம்.

"இரண்டாவது நாய் வாங்கினால் முதல் நாய் அமைதியடையும்." அமைதியற்ற நாயிடமிருந்து புதிய நாயும் அதே பழக்கத்தைக் கற்கலாம். முதல் நாய் நிலைபெற்ற பின்னரே இரண்டாவது நாயைப் பற்றி எண்ணுதல் தகும்.

முதல் மாதங்கள்

புதிய வீட்டில் நாய் நிலைபெறும் காலத்தை மூன்று நாட்கள், மூன்று வாரங்கள், மூன்று மாதங்கள் என மீட்பு அமைப்புகள் எளிமையாகப் பிரித்துக் கூறுவதுண்டு. முதல் மூன்று நாட்கள் திகைப்பு. மூன்று வாரங்களில் வீட்டின் ஒழுங்கு பழகும். மூன்று மாதங்களில் தன் வீடு என்னும் உணர்வு தோன்றும். இது நினைவில் வைப்பதற்கான அளவுகோல் மட்டுமே. அஞ்சிய நாய்களுக்கு ஓராண்டும் ஆகலாம்.

இக்காலத்தில் கீழ்க்காண்பவை பரிந்துரைக்கப்படுகின்றன. வெளியே செல்லும்போது எப்பொழுதும் வாரில் பிடித்துச் செல்ல வேண்டும். அழைத்தால் திரும்பி வரும் பழக்கத்தை நீண்ட வாரின் துணையுடன் கற்பிக்க வேண்டும். உறவினர்களையும் நண்பர்களையும் முதல் வாரங்களில் திரளாக வரவழைத்தல் கூடாது. நாய் ஒதுங்கிப் படுக்க ஓரிடம் அமைத்து, அங்கிருக்கும்போது எவரும் அதனைத் தொந்தரவு செய்யாதிருக்க வேண்டும். துரத்திய பின் தண்டிப்பதால் பயனில்லை. நாய் உற்றுநோக்கத் தொடங்கும் கணத்திலேயே அழைத்துத் திருப்பி, திரும்பியதற்குப் பரிசளிப்பதே பயன் தரும். ஒளிக்கற்றைக் கருவியால் நாயை விளையாட வைத்தலை அறவே தவிர்க்க வேண்டும். பிடிக்க இயலாத ஒளியைத் தேடும் பழக்கம் நோயாக முற்றக்கூடும்.

உடல்நலம்

மேய்ப்பு இனங்களுக்குரிய சில மரபுவழிக் குறைகளைத் தத்தெடுப்போர் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுள் முதன்மையானது எம்.டி.ஆர்.1 எனப்படும் மரபணுவின் திரிபாகும். 2001 இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். இத்திரிபு உள்ள நாய்களுக்கு மிகு அளவில் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்தோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடோ கொடுத்தால் நரம்பு நச்சுத்தன்மை ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். அப்பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, கோலி இனத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடும், ஆஸ்திரேலியன் செப்பர்ட் இனத்தில் ஏறத்தாழ 50 விழுக்காடும் இத்திரிபைக் கொண்டுள்ளன. பார்டர் கோலியில் இது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மரபு அறியப்படாத கலப்பு நாய்களுக்கு இச்சோதனையைச் செய்தபின் மருந்தளிப்பது பாதுகாப்பானது.

'மெர்ல்' எனப்படும் புள்ளிநிற மரபணுவைக் கொண்ட இரு நாய்களை இணைத்தால், குட்டிகளில் நான்கில் ஒரு பங்கு அம்மரபணுவை இருமடங்காகப் பெறக்கூடும். அத்தகைய குட்டிகளுள் பல செவிடாகவோ பார்வைக்குறையுடனோ பிறந்து, காப்பகங்களை அடைகின்றன. செவிட்டு நாய்க்குக் கைச்சைகை மூலம் எல்லாக் கட்டளைகளையும் கற்பிக்க இயலும். எனினும் அதற்குரிய பொறுமையும் வேலியிட்ட இடமும் உள்ள இல்லம் தேவை.

சட்டம்

பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அலுவலரால் பிடிக்கப்பட்ட அலைந்து திரியும் நாய் ஏழு நாட்கள் வைத்திருக்கப்பட வேண்டும். அதற்குள் உரிமையாளர் வராவிடின், அதனைப் பராமரிக்கக்கூடிய ஒருவருக்கோ காப்பகத்துக்கோ கொடுக்கலாம். கொல்லவும் சட்டம் இடமளிக்கின்றது. மீட்பு அமைப்புகள் பெரும்பாலும் இவ்வேழு நாள் வரம்பை ஒட்டியே விரைந்து செயற்படுகின்றன. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு பொருத்துதல் கட்டாயமாக உள்ளதால், தொலைந்த நாயை உரிமையாளரிடம் சேர்ப்பது எளிதாகியுள்ளது.

மேய்ப்பு நாய்களுக்கு நேரடித் தொடர்புடைய சட்டம் ஒன்றும் உண்டு. கால்நடைகளை நாய்கள் துன்புறுத்துவதை 1953 ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும், தன் கால்நடைகளைத் துன்புறுத்தும் நாயைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கொல்லும் உழவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. மேய்க்கப் பிறந்த நாய், பயிற்சியின்றி வேலி தாண்டி ஆட்டு மந்தைக்குள் புகுந்தால் அதன் முடிவு துப்பாக்கிக் குண்டாக அமையலாம். ஆட்டுப்பண்ணைகள் சூழ்ந்த ஊர்களில் தத்தெடுப்போரிடம் வேலியைப் பற்றி மீட்பு அமைப்புகள் வற்புறுத்திக் கேட்பது இதனாலேயே ஆகும்.

திரும்பி வரும் நாய்கள்

பொருத்தம் தவறினால் நாய் காப்பகத்துக்கே திரும்புகின்றது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் குறிப்பேட்டில் ஒரு குறை கூடுகின்றது. அடுத்த இல்லம் கிடைப்பது அரிதாகின்றது. கடித்த வரலாறு சேர்ந்துவிட்டால், பல காப்பகங்கள் அந்நாயைக் கருணைக்கொலை செய்வது பற்றிச் சிந்திக்க நேரிடுகின்றது. எனவே விரைந்து அனுப்பிய முதல் இல்லத்தின் தவறு, நாயின் உயிருக்கே விலையாகலாம்.

இதனைத் தவிர்க்கப் பெரும்பாலான அமைப்புகள், நாயை வைத்திருக்க இயலாத நிலை எப்பொழுது ஏற்பட்டாலும் தம்மிடமே திருப்பி அளிக்க வேண்டும் என ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. நிலைமை முற்றுவதற்கு முன் திருப்பித் தருதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. நாய் புதிய வீட்டில் எவ்வாறு இருந்தது என்னும் செய்தி, அடுத்த பொருத்தத்தைச் சரியாகச் செய்ய உதவுகின்றது.

விமர்சனங்கள்

மீட்பு அமைப்புகளின் நிபந்தனைகள் மிகக் கடுமையானவை என்னும் குற்றச்சாட்டு நெடுநாளாக உள்ளது. முழுநேர வேலைக்குச் செல்வோர், அடுக்குமாடியில் வாழ்வோர், சிறு குழந்தைகள் உள்ளோர் ஆகியோர் நேர்காணல் இன்றியே மறுக்கப்படுவதாகவும், இதனால் மனமுடைந்து அவர்கள் விற்பனையாளரிடம் குட்டி வாங்கச் செல்வதாகவும் விமர்சகர்கள் கூறுகின்றனர். எல்லா நாய்களுக்கும் ஒரே விதியைப் பொருத்துவது, இனத்தின் பெயரைக் கொண்டு நாயை முடிவு செய்வதற்கு ஒப்பானது என்பதும் அவர்களின் வாதமாகும்.

மறுபுறம், மேய்ப்பு நாயை அனுபவமற்ற வீட்டுக்கு அனுப்பிப் பின் கடித்த நாயாகத் திரும்பப் பெறுவதைவிட, சில மாதங்கள் காத்திருப்பது மேல் என்பது அமைப்புகளின் நிலைப்பாடு. ஆயினும் காத்திருக்கும் காலம் முழுவதும் கொட்டிலில் கழியுமானால், அதுவும் நாய்க்குத் தீங்கே. இவ்விரண்டுக்கும் இடையே, நிபந்தனைப் பட்டியலைக் குறைத்து, தனி நாயையும் தனிக் குடும்பத்தையும் அறிவதில் கூடுதல் நேரம் செலவிடும் முறைகள் சில காப்பகங்களில் கையாளப்படுகின்றன. அம்முறையில் விண்ணப்பதாரரிடம் "உங்கள் தோட்டம் எவ்வளவு பெரியது?" என்பதைவிட, "மழை பெய்யும் நாளில் இந்நாயுடன் என்ன செய்வீர்கள்?" என்னும் கேள்வியே முதன்மை பெறுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* பார்டர் கோலி
* ஆஸ்திரேலியக் கெல்பி
* ஜெர்மன் மேய்ப்பு நாய்
* மந்தைக் காவல் நாய்
* விலங்கு நலம்